பழைய வால்பேப்பர் மேல் பெயின்ட்: ஓர் அறை, நான்கு சுவர்கள், இரண்டு முடிவுகள்

4 மீட்டர் நீளம், 3.6 மீட்டர் அகலம், 2.8 மீட்டர் உயரம் கொண்ட படுக்கையறை. நான்கு சுவரிலும் பழைய வால்பேப்பர்: வெளிர் மஞ்சளில் அடர்சிவப்புப் பூக்கள், ஊடே பொன்நிறக் கோடு. உரிக்கும் வேலை மிச்சம் என்று ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, தண்ணீர் கலந்த வெள்ளை எமல்ஷனை நேராக அதன் மேலேயே உருட்டியிருந்தார்கள். பிரைமர் (பெயின்டுக்கு முன் பூசும் அடிப்பூச்சு) கிடையாது. ஒரே நாளில் இரண்டு கோட்.

முதல் கோட் ஈரமாக இருந்தபோதே கொப்புளங்கள் எழும்பின. காய்ந்ததும் பாதி அமுங்கின, மீதி அப்படியே நின்றன. தாளும் தாளும் சேரும் ஜாயிண்டுகள் மேலிருந்து கீழ்வரை கோடுகோடாகத் தூக்கிக்கொண்டன. அடுத்த நாட்களில் வெள்ளைக்குள்ளிருந்து இளஞ்சிவப்புக் கறை வெளியே வந்தது. மூன்றாவது கோட் அடித்தும் அதே இடத்தில் மறுபடி தெரிந்தது. சில வாரங்களில் ஜன்னல் சுவரில் ஒரு பெரிய துண்டு, பெயின்டும் தாளுமாகச் சேர்ந்து கழன்று தொங்கியது. அதன் முதுகில் கறுப்புப் பூசணம்.

நான்கும் ஒரே தவறால் வந்தவை போலத் தோன்றும். முதல் இரண்டுக்கு வேர் ஒன்று. கறைக்கு வேறு, ஜன்னல் சுவருக்கு முற்றிலும் வேறு. எல்லாவற்றையும் "பெயின்ட் சரியில்லை" என்ற கணக்கில் எழுதி, விலை கூடிய டப்பா வாங்கி நான்காவது கோட் அடித்திருந்தால் சுவரில் எடைதான் கூடியிருக்கும்.

கொப்புளமும் தூக்கிய ஜாயிண்டும்

வால்பேப்பர் பசை பெரும்பாலும் ஸ்டார்ச் அல்லது மெத்தில் செல்லுலோஸ். இரண்டும் தண்ணீரில் கரைத்துப் பூசப்படுபவை. எத்தனை வருடம் காய்ந்திருந்தாலும் மறுபடி தண்ணீர் பட்டால் இளகும். எமல்ஷனில் கணிசமான பங்கு தண்ணீர். அது தாளுக்குள் இறங்கும்போது பசை இளகுவதும் தாள் விரிவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

தாளின் நார்கள் பெரும்பாலும் சுருளின் நீளவாட்டில் படுத்திருக்கும். நார் ஊறினால் நீளத்தைவிட அகலத்தில்தான் அதிகம் பருக்கும். ஆகவே தாளும் குறுக்குவாட்டில்தான் விரிகிறது. 53 செ.மீ. அகலத் தாள் வெறும் 1 சதவீதம் விரிந்தால்கூட 5 மி.மீ. கூடுதல். இரு பக்கமும் அடுத்த தாள் நெருக்கி நிற்க, அந்த 5 மி.மீ.க்குப் போக்கிடம் இல்லை. இளகிய பசையை விட்டு வெளியே புடைக்கிறது. அதுதான் கொப்புளம். காயும்போது தாள் பழைய அகலத்துக்குச் சுருங்கும். பசைக்கு இன்னும் பிடிமானம் இருந்த இடங்களில் புடைப்பு அமுங்கும். பசை கழுவிப்போன இடங்களில் உள்ளே காற்றோடு நிற்கும்.

ஜாயிண்டில் இன்னொரு விசையும் சேர்கிறது. எமல்ஷன் காயும்போது படலமாகச் சுருங்கும். நடுத்தாளில் அந்த இழுப்பு நாலாபுறமும் சமமாகப் பரவிவிடும். ஓரத்தில் ஒரு பக்கம் மட்டுமே பிடி இருப்பதால் தாளின் விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டுவிடும். ஒவ்வொரு கோட்டும் இந்த இழுப்பைக் கூட்டுகிறது. மேலே என்ன தரமான பெயின்ட் போட்டாலும் அது தொங்குவது அந்தப் பழைய பசையில்தான்.

கறை

கறை வந்தால் "கறை தடுக்கும் பிரைமர் ஒன்று போடு" என்பது பொதுவான அறிவுரை. எந்தப் பிரைமர் என்பதைத் தாளில் அச்சிட்ட மை சொல்ல வேண்டும். சுவிட்ச் பலகையைக் கழற்றியபோது அதன் அடியில் பெயின்ட் படாத வால்பேப்பர் கிடைத்தது. மூன்று வெள்ளைத் துணிகள்: ஒன்றில் தண்ணீர், ஒன்றில் டர்பெண்டைன், ஒன்றில் ஸ்பிரிட். ஒவ்வொன்றாலும் சிவப்புப் பூவின் மேல் பத்துப் பதினைந்து முறை தேய்த்துப் பார்க்க வேண்டும். (இதைச் செய்யுமுன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும்.)

தண்ணீர்த் துணி நன்றாகச் சிவந்தது. ஸ்பிரிட் துணியில் லேசான சிவப்பு. டர்பெண்டைன் துணி வெள்ளையாகவே இருந்தது. எமல்ஷன் எத்தனை கோட் அடித்தாலும் கறை ஏன் வந்தது என்பதற்கு முதல் துணியே பதில்: ஒவ்வொரு புதுக் கோட்டும் புதுத் தண்ணீரைக் கொண்டுவந்து சாயத்தை மேலே ஏற்றியிருக்கிறது. அரக்கிலிருந்து செய்யும் ஷெல்லாக் பிரைமர் கறைக்குப் பெயர் பெற்றது, ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த கோட்டுக்குத் தயாராகும். ஆனால் அதன் கரைப்பான் ஸ்பிரிட். அதை மெல்லிசாக இரண்டு கோட் போட்டாலும் இங்கே வேலை நடந்திருக்கும். சாயம் அசையாத கரைப்பான் கையில் இருக்கும்போது அந்தச் சுற்று தேவையில்லை. டர்பெண்டைனில் கலக்கும் எண்ணெய்ப் பிரைமர் முடிவானது. பசையையும் அது இளக்காது என்பது இரட்டை லாபம். தீமை: நெடி, மெதுவாகக் காய்வது, தீப்பற்றும் அபாயம்.

எதை உரிப்பது, எதை வைப்பது

வால்பேப்பர் மேல் பெயின்ட் அடிப்பது சோம்பேறித்தனத்துக்காக எடுக்கும் முடிவாக இருக்கக் கூடாது. உரித்தால் சுவர் கெடும் என்றால் மட்டும் அது நியாயமான வழி. இந்த அறையில் அதைச் சுவர் சுவராகப் பார்க்க வேண்டியிருந்தது.

கதவுச் சுவரும் கட்டிலின் தலைமாட்டுச் சுவரும் ஜிப்சம் போர்டுத் தடுப்புகள் (இருபுறமும் தாள் ஒட்டிய ஜிப்சம் பலகை). கதவுக்குப் பின்னால் 10 செ.மீ. சதுரத்தில் தாளை நனைத்து உரித்துப் பார்த்ததில், போர்டின் மேல்தாளும் பழுப்பு நிறத்தில் கூடவே பிய்ந்து வந்தது. போர்டுக்குப் பிரைமர் போடாமல் நேரடியாக ஒட்டியிருக்கிறார்கள். இதை முழுக்க உரித்தால் போர்டையே மாற்ற வேண்டிய நிலை வரலாம். தட்டிப் பார்த்தால் ஜாயிண்டுகளையும் கொப்புளங்களையும் தவிர மற்ற இடங்களில் தாள் இறுக்கமாகவே இருந்தது, ஒரே அடுக்கு. ஆகவே இவை இரண்டும் அப்படியே இருக்கட்டும்.

அலமாரிச் சுவர் சிமென்ட் பூச்சு. தண்ணீரில் ஊறவைத்தால் பூச்சுக்கு ஒன்றும் ஆகாது. உரிப்பதே மேல்.

ஜன்னல் சுவரைப் பற்றி விவாதிக்கவே இடமில்லை. வெளிச்சுவர், இரண்டு அடுக்குத் தாள், மேலடுக்கு முழு வினைல், அதாவது பிளாஸ்டிக். வினைல் ஈரத்தை ஊடுருவ விடாது. சுவருக்குள் வந்த ஓதம் அறைப்பக்கம் ஆவியாக முடியாமல் தாளின் பின்னால் தங்கியது. பசையும் தாளும் பூசணத்துக்குத் தீனியாயின. குளிரூட்டப்பட்ட அறையில் இதன் இன்னொரு வடிவத்தைப் பார்க்கலாம்: வெளியே சூடும் ஈரமும், உள்ளே குளிர், வெளிக்காற்றின் ஈரம் சுவர் வழியாக வந்து குளிர்ந்த வினைலின் முதுகில் வேர்க்கும். தவிர, வினைலை வளையும்படி மென்மையாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் நாளடைவில் மேலேறி பெயின்டுக்குள் புகுந்து அதைப் பிசுபிசுக்க வைக்கும். இந்தச் சுவரில் கையை வைத்து எடுத்தால் ஒட்டியதற்கு அதுவே காரணம்.

உரித்த சுவர்கள், சுருக்கமாக

பூசணம் இல்லாத இடத்தில் வினைல் மேலடுக்கு ஈரமில்லாமலே பட்டையாக உரிந்து வரும். கீழே தங்கும் முதுகுத்தாளைத்தான் ஊறவைக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் சில துளி பாத்திரம் கழுவும் திரவம், ஸ்பாஞ்சால் இரண்டு முறை நனைத்து 15 முதல் 20 நிமிடம் பொறுத்தால் அகலச் சுரண்டிக்கு வழுக்கிக்கொண்டு வரும். முன்பு எமல்ஷன் அடித்த அலமாரிச் சுவரில் தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. பெயின்ட் படலத்தைக் கீறிவிட்ட பிறகே ஊறியது, வேலையும் ஏறக்குறைய இரட்டிப்பானது. வால்பேப்பர் மேல் பெயின்ட் அடிப்பவர், நாளை உரிக்கப்போகிறவருக்கு வைத்துவிட்டுப் போகும் பாரம் இது.

பூசணம் பிடித்த தாளை உலர்ந்த நிலையில் பிய்க்கக் கூடாது, நனைத்து மடக்கிப் பையில் கட்ட வேண்டும். என்95 முகமூடி அவசியம். தாள் போன பின்னும் பசை சுவரிலேயே நிற்கும். ஈர விரலால் தடவினால் வழவழப்பு தெரியும். ஸ்டார்ச் பசையானால் ஒரு துளி அயோடின் கருநீலமாகும், மெத்தில் செல்லுலோஸில் ஆகாது. ஆகவே அயோடினை மட்டும் நம்பாமல் விரலையும் நம்ப வேண்டும். கழுவாமல் விட்ட பசை மேல் அடித்த பெயின்ட் நுண்ணிய வெடிப்புகளாகப் பிளந்து செதிலாக உதிரும்.

ஓதம் வந்த வழி, ஜன்னல் சட்டத்துக்கும் வெளிப்பூச்சுக்கும் இடையே இருந்த விரிசல். அதை வெளிப்புறம் அடைத்த பிறகு, அரை மீட்டர் சதுர பிளாஸ்டிக் தாளை உள்சுவரில் நான்கு புறமும் டேப் போட்டு 24 மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். சுவரை நோக்கிய பக்கம் துளிகள் இருந்தால் சுவர் இன்னும் ஈரம். அது உலரும்வரை ஜன்னல் சுவரில் பிரைமர் இல்லை.

வைத்துக்கொண்ட இரண்டு சுவர்கள்

தலைமாட்டுச் சுவர் 11.2 சதுர மீட்டர். கதவைக் கழித்தால் கதவுச் சுவர் 8.2. மொத்தம் 19.4.

முதல் வேலை காயவிடுவது. முந்தைய எமல்ஷனின் ஈரம் தாளில் இருக்கும்போதே எண்ணெய்ப் பிரைமர் போட்டால் அந்த ஈரம் உள்ளே சிறைப்பட்டு மறுபடி கொப்புளமாகும். ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை ஓடவிட்டு, சில நாட்களாவது விட வேண்டும்.

பிறகு குறி வைப்பது. அறையை இருட்டாக்கி, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு புடைப்பும் நிழல் விடும். விரல் நுனியால் தட்டினால் பொக்காக ஒலிக்கும் இடங்களையும் பென்சிலால் வட்டமிட வேண்டும். பால்பாயிண்ட் பேனாவோ மார்க்கரோ கூடவே கூடாது. அந்த மையும் பெயின்டுக்குள் ஏறும்.

தூக்கிய ஜாயிண்டில் 2 செ.மீ.க்குள் மட்டும் விளிம்பு எழும்பியிருந்தால் ஒட்டலாம். வினைல் மேல் வினைல் ஒட்டும் ஜாயிண்டு பசை அல்லது கெட்டியான பி.வி.ஏ. பசையை (வெள்ளை மரப்பசை) மெல்லிய பிரஷ்ஷால் உள்ளே தடவி, ஐந்து நிமிடம் விட்டு, சிறு உருளையால் அழுத்தி, வழிந்ததை உடனே துடைக்க வேண்டும். அதற்கு மேல் எழும்பியிருந்தால் ஒட்டும் ஆசையை விடுவது நல்லது. தாள் இறுக்கமாக இருக்கும் இடம்வரை புது பிளேடால் வெட்டி எடுத்துவிட வேண்டும், தாளின் ஆழம் மட்டும். பிளேடு போர்டின் மேல்தாளைக் கீறக் கூடாது. கொப்புளத்துக்கும் இதே கணக்கு: 3 செ.மீ.க்குக் குறைந்ததைப் பெருக்கல் குறியாகக் கீறி, ஊசியில்லாத சிரிஞ்சால் பசை ஏற்றி அழுத்தலாம். பெரியதை வெட்டி எறிந்து, பிரைமருக்குப் பிறகு பட்டி (மேடுபள்ளம் நிரப்பும் கலவை) பார்த்து நிரப்பலாம்.

வெட்டிய விளிம்புகளையும், ஒன்றன் மேல் ஒன்று ஏறிய ஜாயிண்டுகளையும் 120 எண் உப்புத்தாளால் கையாலேயே தேய்த்துத் தணிக்க வேண்டும். மெஷின் வேண்டாம், நொடியில் தாளைக் கடந்து போர்டுக்குப் போய்விடும். தேய்க்குமுன் ஒரு எச்சரிக்கை. அடியில் பழைய எண்ணெய் பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம், பரிசோதனை செய்யாமல் தேய்க்கக் கூடாது. 19ஆம் நூற்றாண்டு வால்பேப்பர் எஞ்சியிருக்கும் வீடுகளில் பச்சைத் தாள்களைத் தொடவே யோசிக்க வேண்டும்: 1775இல் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே உருவாக்கிய பச்சை நிறமி ஆர்சனிக் சேர்ந்தது, வால்பேப்பர்களில் தாராளமாகப் புழங்கியது.

தூசியை மென்பிரஷ் பொருத்திய வாக்குவம் கிளீனரால் எடுக்க வேண்டும். ஈரத்துணி என்றால் இறுகப் பிழிந்தது.

இதன் பின் எண்ணெய்ப் பிரைமர், ஒரு கோட். லிட்டருக்கு 10 சதுர மீட்டர் என்று வைத்தால் 2 லிட்டர். ஜாயிண்டுகள் கூடுதலாக உறிஞ்சும் என்பதால் 2.5. ஜாயிண்டுகளை முதலில் பிரஷ்ஷால் நிரப்பிவிட்டுப் பிறகு ரோலர். காய ஒரு முழு நாள். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அடுப்பு, ஊதுபத்தி எதுவும் அருகில் கூடாது. எண்ணெய் ஊறிய துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காயவைத்த பின்னரே எறிய வேண்டும்.

பட்டிக்கு முன்பே பிரைமர் ஏன் என்ற கேள்வி இங்கே எழும். பலர் வரிசையை மாற்றிச் செய்வது இந்த இடத்தில்தான். பட்டியிலும் தண்ணீர் இருக்கிறது. வெற்றுத் தாளின் மேல் பட்டி இழுத்தால், எமல்ஷன் செய்த அதே கெடுதியை அது ஜாயிண்டு நெடுகச் செய்யும். ஆகவே பிரைமர், பட்டி, மறுபடி பிரைமர் என்பதே வரிசை.

முதல் பிரைமர் காய்ந்ததும், எடை ஏற்றுமுன் ஒரு சோதனை. கண்ணில் படாத மூன்று நான்கு இடங்களில் தாள் வெட்டும் ஆழத்துக்குப் பெருக்கல் குறி போட்டு, நல்ல ஒட்டும் டேப்பை அழுத்தி, படக்கென்று இழுக்க வேண்டும். தாள் கூட வந்தால், அந்தச் சுவரில் பட்டியும் நிற்காது. மேற்கொண்டு செலவழிக்காமல் உரிக்கும் முடிவுக்குத் திரும்ப வேண்டும். இங்கே டேப் வெறுமையாக வந்தது.

ஜாயிண்டு மட்டுமா, முழுச் சுவரா

தலைமாட்டுச் சுவரில் 53 செ.மீ. தாள் எட்டு, ஆகவே ஏழு ஜாயிண்டு. ஒரு ஜாயிண்டு கண்ணுக்குத் தெரியாமல் மறைய, பட்டியை அதன் இரு பக்கமும் 10 முதல் 15 செ.மீ.வரை மெலிதாக மேவ வேண்டும். 30 செ.மீ. பட்டை ஒவ்வொன்றும் என்றால் இரண்டு பட்டைகளுக்கு நடுவே எஞ்சுவது 23 செ.மீ. மட்டுமே. அந்த 23 செ.மீ.யைத் தொடாமல் காப்பாற்றுவதில் மிச்சமாவது கொஞ்சம் பட்டி, கூடுவது பதினான்கு விளிம்புகளைத் தேய்க்கும் வேலை. "ஜாயிண்டை மட்டும் பட்டி பார்த்தால் போதும்" என்ற அறிவுரை இந்தக் கணக்கைப் போடாமல் சொல்லப்படுவது.

முடிவை வெளிச்சம் தீர்த்தது. தலைமாட்டுச் சுவர் ஜன்னல் சுவருக்குச் செங்குத்து. பகல் வெளிச்சம் அதன் மேல் சாய்வாக வழுக்கி ஓடும், அரை மில்லிமீட்டர் மேடும் நிழலாகும். அங்கே முழுப் பட்டி. கதவுச் சுவர் ஜன்னலுக்கு நேர் எதிரே. வெளிச்சம் நேராக விழுவதால் சிறு மேடுகள் மறையும். அங்கே 20 செ.மீ. பட்டைகள் போதும்.

முழுப் பட்டி இரண்டு கோட், மொத்தம் சராசரி 1 மி.மீ.: சுமார் 11 லிட்டர். கதவுச் சுவரின் ஆறு ஜாயிண்டுகளுக்கு 2.5 லிட்டர். வீணாவதையும் சேர்த்து 15 லிட்டர் பட்டி. 1 மி.மீ.க்கு மேல் கனம் ஏற்றக் கூடாது, அத்தனை எடையும் பழைய பசையில்தான் நிற்கிறது. 30 செ.மீ. தகடு, முதல் கோட் மேலிருந்து கீழ், முழுக்கக் காய்ந்த பின் இரண்டாவது கோட் குறுக்கே. 150 எண்ணிலும் பிறகு 220 எண்ணிலும் தேய்ப்பு.

தேய்க்கும்போது சில இடங்களில் பிரைமரைக் கடந்து தாளே தெரிந்துவிடும். அந்த இடங்களுக்கு மட்டும் மறுபடி எண்ணெய்ப் பிரைமர். மற்றபடி இரண்டாவது பிரைமர் தண்ணீர் வகையாகவே இருக்கலாம், அடியில் தாள் ஏற்கெனவே அடைபட்டுவிட்டது. இந்த இரண்டாவது பிரைமரை விட்டுவிட்டால் பட்டி உறிஞ்சும் இடமும் உறிஞ்சாத இடமும் வேறு வேறு பளபளப்பில் திட்டுத்திட்டாகத் தெரியும். சீலிங், மூலை, தரை ஓரங்களில் தாள் முடியும் இடத்தை 3 மி.மீ. அக்ரிலிக் சீலன்டால் மூட வேண்டும். ஈரக்காற்று தாளின் முதுகுக்குப் போகும் வாசல் அது.

கடைசிப் பெயின்ட் மேட் வகை. பளபளப்பு கூடக்கூட மேடுபள்ளம் தெரியும். 9 அல்லது 10 மி.மீ. முடி ரோலரில் மெல்லிசாக இரண்டு கோட். லிட்டருக்கு 11 சதுர மீட்டர் வீதம் இரண்டு சுவருக்கும் 3.5 லிட்டர். ஒரு கனத்த கோட் இரண்டு மெல்லிய கோட்டுக்குச் சமமாகாது, சுருங்கும் இழுப்பு கனத்த கோட்டில் அதிகம்.

பின்னர் தெரிந்தது

தலைமாட்டுச் சுவரில் சாய்வு வெளிச்சத்திலும் ஜாயிண்டு தெரியவில்லை, கறை திரும்பவில்லை. கதவுச் சுவரில் ஒரு குறை வந்தது: கதவுச் சட்டத்தின் மேல்மூலையிலிருந்து சீலிங் நோக்கி முடியளவு விரிசல். வால்பேப்பர் ஜாயிண்டு இங்கே காரணமில்லை. அடியில் ஜிப்சம் போர்டுகள் சேரும் ஜாயிண்டு அதே இடத்தில் இருந்தது. கதவு அடித்துச் சாத்தும் ஒவ்வொரு முறையும் அது அசைந்தது. இத்தனை நாள் தாள் அந்த அசைவைத் தாங்கியிருந்தது, பட்டி தாங்கவில்லை. கதவுச் சட்டத்தின் மேல்மூலைகளில் மட்டுமாவது பட்டிக்கு முன் 5 செ.மீ. கண்ணாடியிழை வலை டேப் ஒட்டியிருக்க வேண்டும். விரிசலைச் சுரண்டி அகலமாக்கி, திறந்த தாளுக்கு எண்ணெய்ப் பிரைமர் தொட்டு, வலை டேப், மூன்று மெல்லிய பட்டி, பிரைமர், பெயின்ட் என்று சரிசெய்யப்பட்டது. கதவுச் சட்டத்தில் ரப்பர் தாங்கிகளும் ஒட்டப்பட்டன.